குழந்தைகளின் தொடையிடுக்குக் குடலிறக்கம்: முதல் பரிசோதனையிலிருந்து கடைசித் தையல் வரை

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் மருத்துவரிடம் முதலில் கொடுக்கப்படும் அறுவை பெரும்பாலும் இதுதான். வெட்டு சின்னது, நேரம் குறைவு, முடிவில் ஒரே ஒரு கட்டு. அதனால் சுலபம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எதிர்ப்பக்கம் உதவிக்கு நின்று பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் தடுமாறும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். ஒரு படியை அவசரமாகத் தாண்டியிருப்பார்கள், அதன் பலன் மூன்று படிகள் தள்ளித் தெரியும். எனவே இதை வரிசை குலையாமல் படியுங்கள்.

1. எதைச் சரிசெய்கிறோம் என்பது முதலில் தெளிவாகட்டும்

கருவில் விரை கீழிறங்கும் வழியில் வயிற்று உள்ளுறையின் ஒரு நீட்சி, விரல் போல விரைப்பை வரை போகிறது. பிறப்பை ஒட்டி அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் விட்டால் அந்த வழியில் குடல் இறங்குகிறது. குழந்தைகளுக்கு வரும் தொடையிடுக்குக் குடலிறக்கம் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகைதான்.

பெரியவர்களுக்கு வயிற்றுச் சுவர் தளர்ந்து போவதால் வலை வைக்கிறோம். குழந்தைக்குச் சுவரில் குறை இல்லை, மூடாத வழி மட்டுமே குறை. பை போன்ற அந்த நீட்சியை அதன் கழுத்தில், அதாவது வயிற்றோடு சேரும் இடத்தில் கட்டிவிட்டால் போதும். வலை வேண்டாம், சுவரை இழுத்துத் தைக்கவும் வேண்டாம். பெரியவர்களுக்குச் செய்து பழகிய கைகள் சில சமயம் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாக ஒரு தையல் போடும். அந்தத் தையல் விரைக்குப் போகும் இரத்தக் குழாய்களை நெருக்கக்கூடும். போடாதீர்கள்.

நிறைமாதக் குழந்தைகளில் 100க்கு 1 முதல் 5 பேருக்கு இது வரும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆண் குழந்தைகளுக்கு அதிகம், வலது பக்கம் அதிகம். தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கும் நோய் இது இல்லை.

2. பரிசோதனை: வீக்கத்துக்கு முன் விரையைத் தொடுங்கள்

பெற்றோர் 'அழும்போது வீங்குகிறது, தூங்கினால் போய்விடுகிறது' என்று சொல்வார்கள். நீங்கள் பார்க்கும்போது ஒன்றுமே இருக்காது. அதற்காக அவர்கள் சொன்னதை ஒதுக்காதீர்கள். வீக்கம் இருக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்துவரச் சொல்லுங்கள். படத்தில் எந்தப் பக்கம், வீக்கம் தொடையிடுக்கு மடிப்பில் நிற்கிறதா விரைப்பைக்கு இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

முதலில் இரண்டு விரைகளும் விரைப்பைக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மேலேறி நிற்கும் விரை மடிப்பில் ஒரு உருண்டையாகத் தெரியும், அதைக் குடலிறக்கம் என்று எண்ணி ஏமாறுவது எளிது. உண்மையிலேயே இறங்காத விரையும் குடலிறக்கமும் சேர்ந்தே இருந்தால், விரையைக் கீழே இறக்கிப் பொருத்தும் வேலையையும் அதே அறுவையில் செய்ய வேண்டும். மயக்கம் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், பெற்றோரிடம் அனுமதி வாங்காத அறுவையின் முன் நிற்பீர்கள்.

அப்புறம் விந்து நாளக் கற்றையை, அதாவது விந்துக் குழாயும் விரையின் இரத்தக் குழாய்களும் சேர்ந்த கட்டை, அந்தரங்க எலும்பின் மேல் வைத்து விரலால் உருட்டிப் பாருங்கள். பட்டுத் துணியின் இரண்டு மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்று தேய்ப்பது போன்ற உணர்வு இருந்தால் பை இருக்கிறது என்று பொருள். இது அனுபவத்தில் வரும் அடையாளம், இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

விரைப்பையில் நீர் கோத்திருப்பதைப் பிரித்தறிய, வீக்கத்தின் மேல் எல்லையை விரல்களால் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிடிக்க முடிந்தால் பெரும்பாலும் நீர்தான். டார்ச் வெளிச்சத்தை நம்பாதீர்கள். பச்சிளங்குழந்தையின் குடல் சுவர் மெல்லியது, குடலும் ஒளியைக் கடத்தும். வெறும் நீர்க்கோப்பு என்றால் முதல் ஒன்றிரண்டு வயது வரை பொறுக்கலாம், பல தானாக மறையும். குடலிறக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எல்லாக் குழந்தைக்கும் ஸ்கேன் எழுத வேண்டியதில்லை. சந்தேகம் தீராதபோது மட்டும் எழுதுங்கள்.

3. பெண் குழந்தை என்றால் இரண்டு கேள்விகள்

முதலாவது, உள்ளே இருப்பது கருப்பையா, குடலா, சினைப்பையா? பெண் குழந்தைகளில் உள்ளே போகாத வீக்கம் என்றால் பெரும்பாலும் சினைப்பைதான். மடிப்பில் வலியில்லாமல், சின்ன நிலக்கடலை போல நகரும் கட்டியாக இருக்கும், உள்ளே தள்ளினால் போகாது. குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று தள்ளிப்போட வேண்டாம். இறங்கிய சினைப்பை முறுக்கிக்கொள்ளலாம். அதை அழுத்தி உள்ளே தள்ளவும் முயலாதீர்கள். அறுவைத் தேதியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, அது உண்மையில் சினைப்பைதானா? வெளித்தோற்றத்தில் பெண்ணாகப் பிறந்து, மரபணுவில் எக்ஸ்-ஒய் ஆக, ஆண் ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்காத நிலை ஒன்று உண்டு. குடலிறக்கத்தோடு வரும் பெண் குழந்தைகளில் சுமார் 100க்கு ஒருவருக்கு, குறிப்பாக இருபக்கமும் இருப்பவர்களிடம், இது காணப்படுகிறது. இறங்கியிருப்பது விரையாக இருக்கும். எனவே பெண் குழந்தையின் பையைத் திறக்காமல் கட்டாதீர்கள். கருக்குழாயை அல்லது அதன் நுனியைக் கண்ணால் பாருங்கள். தெரியவில்லை என்றால் அங்கேயே எதையும் அகற்ற வேண்டாம். குடலிறக்கத்தை மட்டும் சரிசெய்து முடித்து, குரோமோசோம் பரிசோதனைக்கும் சிறப்பு மருத்துவருக்கும் வழி செய்யுங்கள். பெற்றோரிடம் அதைச் சொல்வது உட்கார்ந்து, நேரம் ஒதுக்கிப் பேச வேண்டிய பேச்சு. அறுவை அறை வாசலில் நின்று சொல்லும் செய்தியாக்கிவிடாதீர்கள்.

4. எப்போது செய்வது

குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து முதல் வயதில்தான் மிக அதிகம். அதனால் ஒரு வயதுக்குக் கீழுள்ள நலமான நிறைமாதக் குழந்தையைக் கண்டறிந்த ஓரிரு வாரங்களுக்குள் பட்டியலில் ஏற்றுங்கள். வயது கூடக் கூட அவசரம் குறையும், ஆனாலும் மாதக்கணக்கில் தள்ள வேண்டாம்.

குறைமாதக் குழந்தை வேறு கதை. முன்பெல்லாம் பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன் செய்துவிடுவதே வழக்கமாக இருந்தது. 2024இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், வீட்டுக்குப் போகும் முன் செய்த குழுவில் 28 சதவீதக் குழந்தைகளுக்கும், 55 வாரம் கடந்தபின் செய்த குழுவில் 18 சதவீதக் குழந்தைகளுக்கும் கடுமையான பாதகம் ஏதாவது நேர்ந்தது. இங்கே வாரக் கணக்கு தாயின் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணப்படுவது. இதை வைத்து எல்லோரையும் தள்ளிப்போடலாம் என்று முடிவெடுக்க வேண்டாம். குடும்பம் அபாய அறிகுறிகளைப் புரிந்துகொண்டதா, இரவில் பிரச்சினை வந்தால் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனைக்கு வர முடியும், நுரையீரல் எப்படி இருக்கிறது என்று மூன்றையும் கேட்டு முடிவெடுங்கள்.

காத்திருக்கும் நாள்களுக்கான அறிவுரையை எழுதிக் கொடுங்கள்: வீக்கம் கல்லாக இறுகுவது, உள்ளே போகாதது, நிற்காத அழுகை, வாந்தி, முக்கியமாகப் பச்சை வாந்தி, மேல் தோல் சிவப்பது. இவற்றில் எது வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும்.

5. சிக்கிய குடலைக் கையால் உள்ளே அனுப்புவது

நள்ளிரவில் வீங்கிய குழந்தை வந்தால் நேராகக் கத்தியை எடுப்பதில்லை. அந்த நேரத்தில் பை நீர் கோத்து, நனைந்த காகிதம் போலக் கிழியும். கையால் உள்ளே அனுப்பிவிட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துச் செய்தால் அறுவை பாதுகாப்பாக முடியும்.

ஆனால் முதலில், தொடக்கூடாத குழந்தை யார் என்று பிரியுங்கள். அதிர்ச்சி நிலை, வயிற்று உறை அழற்சியின் அறிகுறிகள், மலத்தில் இரத்தம், மடிப்பின் தோல் சிவந்து தடித்திருப்பது. இவை இருந்தால் குடல் ஏற்கெனவே கெட்டிருக்கலாம். உள்ளே தள்ளினால் கெட்ட குடலை வயிற்றுக்குள் ஒளித்துவைத்தது போல ஆகிவிடும். இவர்களுக்கு நரம்பு வழி நீரும், மூக்கு வழிக் குழாயும், ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து, சிறுநீர் வரத் தொடங்கியதும் அறுவை அறைக்குக் கொண்டுபோங்கள்.

மற்றவர்களுக்கு நல்ல வலி நிவாரணி கொடுங்கள். தேவைப்பட்டால், சுவாசத்தைக் கண்காணிக்கும் வசதியோடு, லேசான தூக்க மருந்து. கால் பக்கத்தை உயர்த்திப் படுக்க வையுங்கள். மருந்து வேலை செய்யும் வரை பொறுங்கள். அழுகிற குழந்தையிடம் முயல்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. அழும்போது வயிறு வெளியே தள்ளுகிறது, நீங்கள் உள்ளே தள்ளுகிறீர்கள், இருவரும் தோற்பீர்கள். குழந்தை அமைதியானால் சில சமயம் வீக்கம் தானாகவே போய்விடும்.

ஒரு கையின் விரல்களால், குடல் வெளிவரும் துவாரமான வளையத்தின் இருபுறமும் பிடித்துப் புனல் போல் நேராக்குங்கள். மறு கையால் வீக்கத்தின் அடியை மெதுவாக, விடாமல் அழுத்துங்கள். குத்திக் குத்தித் தள்ளக் கூடாது. மேல் கை இல்லாமல் கீழிருந்து மட்டும் தள்ளினால் குடல் வளையத்தின் மேல் மடங்கி நிற்கும், போகாது. சில நிமிடங்கள் ஒரே சீராக அழுத்தினால் களகளவென்று சத்தத்தோடு குடல் போவது கைக்குத் தெரியும். போகவில்லை என்றால் ஒருமுறை மூத்தவரைக் கூப்பிடுங்கள். அதற்குமேல் முயற்சி வேண்டாம்.

உள்ளே போனவுடன் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உள்நோயாளியாக வைத்துக் கவனியுங்கள், விரையையும் பாருங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் வீக்கம் வடிந்ததும் அதே அனுமதியில் அறுவையை முடியுங்கள். அனுப்பினால் திரும்பவும் சிக்கும்.

6. மயக்கத்துக்கு முன்

திட உணவு 6 மணி நேரம், புட்டிப்பால் 6, தாய்ப்பால் 4, தெளிந்த நீர் 2. இப்போது பல இடங்களில் தெளிந்த நீரை 1 மணி நேரத்துக்கு முன்வரை அனுமதிக்கிறார்கள். அதிக நேரம் பட்டினி போடுவதும் தவறுதான், சிறு குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடும்.

பக்கத்தைக் குழந்தை விழித்திருக்கும்போதே, பெற்றோரைச் சாட்சியாக வைத்துத் தோலில் குறியிடுங்கள். மயக்கத்தில் வீக்கம் மறைந்துவிடும், இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும்.

குறைமாதத்தில் பிறந்து, மேலே சொன்ன கணக்கில் 60 வாரம் ஆகாத குழந்தைக்கு மயக்கத்துக்குப் பிறகு மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. இரத்தசோகை இருந்தால் இன்னும் அதிகம். ஹீமோகுளோபின் பாருங்கள், இரவு முழுவதும் கண்காணிக்கும் படுக்கை உறுதியான பிறகே தேதி கொடுங்கள்.

வலிக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் போடும் காடல் ஊசி நல்ல வழி. மரத்துப்போக வைக்கும் மருந்தான பியூபிவக்கைன் 0.25 சதவீதத்தில் கிலோவுக்கு 1 மில்லி என்றால் அது கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், அதாவது உச்ச அளவே தீர்ந்துவிட்டது. 5 கிலோ குழந்தைக்கு 5 மில்லி. அதன் பிறகு நீங்கள் வெட்டில் அதே மருந்தை ஊற்றினால் அளவு மீறும். மயக்க மருத்துவரிடம் எவ்வளவு கொடுத்தார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். திட்டமிட்ட சாதாரண அறுவைக்கு ஆன்டிபயாட்டிக் வழக்கமாகத் தேவையில்லை. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் வயிற்றை அழுத்திக் காலி செய்யுங்கள், காரணம் 9ஆம் படியில் வருகிறது.

7. வெட்டும் வெளி வளையமும்

அடிவயிற்றின் கீழ் மடிப்பிலேயே, அந்தரங்க எலும்பு முனைக்குச் சற்று வெளியே, 1.5 முதல் 2 சென்டிமீட்டர். மடிப்புக்கு வெளியே போட்டால் தழும்பு தெரியும். மிகக் கீழே போட்டால் கழுத்து வரை எட்ட முடியாது.

கொழுப்பைத் தாண்டினால் வெள்ளையாக ஓர் உறை வரும். அது ஸ்கார்பா உறை. குழந்தைகளில் அது தடித்து, பளபளத்து, வெளிச்சாய்வுத் தசையின் தகடு போலவே இருக்கும். நான் பார்த்த புதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இங்கே ஏமாந்திருக்கிறார்கள். ஸ்கார்பாவுக்கு அடியிலும் கொழுப்பு இருக்கும். தசைத் தகட்டுக்குச் சாய்ந்த நார்கள் தெளிவாகத் தெரியும், அடியில் கொழுப்புப் படலம் இருக்காது. சந்தேகம் வந்தால் கீழ்நோக்கித் துழாவித் தொடையிடுக்கு நாணைத் தொட்டுவிடுங்கள். நாணைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாக வந்தால் வெளி வளையமும், அதிலிருந்து வெளிவரும் கற்றையும் கிடைக்கும்.

கைக்குழந்தையில், கற்றை ஓடும் கால்வாயின் இரு வாய்களான உள் வளையமும் வெளி வளையமும் கிட்டத்தட்ட ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். தகட்டைத் திறக்காமலேயே கற்றையை மெதுவாக இழுத்தால் கழுத்து வந்துவிடும். வயது கூடியவர்களில் கால்வாய் நீளம், தகட்டை நார்களின் போக்கில் திறக்க வேண்டியிருக்கும். திறக்கும்போது அடியில் ஓடும் நரம்பைப் பார்த்து ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள்.

8. பையைப் பிரிப்பது

மொத்த அறுவையும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. மற்ற எல்லாம் இதற்கான ஏற்பாடு. இங்கே ஒரே விதி: எது எது என்று கண்ணால் பார்க்கும் வரை எதையும் கவ்வாதீர்கள், வெட்டாதீர்கள்.

கற்றையைச் சுற்றியிருக்கும் கிரிமாஸ்டர் தசை நார்களை நீளவாக்கில், மழுங்கிய முனையால் பிரியுங்கள். குறுக்கே போனால் இரத்தம் கசியும், அதன் பிறகு எல்லாம் ஒரே நிறமாகிவிடும். நார்கள் விலகியதும் முன்புறம், உள்பக்கமாக, நீலம் கலந்த வெள்ளையில் பை தெரியும். அதைப் பல் இல்லாத மெல்லிய ஃபோர்செப்ஸால் பிடித்துத் தூக்குங்கள்.

விந்துக் குழாயும் விரையின் இரத்தக் குழாய்களும் பையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பையைத் தூக்கிப் பிடித்தபடி, அவற்றைக் கீழே தள்ளித் தள்ளி விலக்குங்கள். பையைத்தான் பிடிக்க வேண்டும், குழாயைப் பிடிக்கக் கூடாது. கைக்குழந்தையின் விந்துக் குழாய் ஒரு தடித்த தையல் நூல் அளவுதான். ஒரு முறை ஃபோர்செப்ஸால் கவ்வினாலே நசுங்கும், உடனே வெளியில் ஒன்றும் தெரியாது. இருபது, முப்பது வருடம் கழித்துக் குழந்தையில்லை என்று அவர் மருத்துவரிடம் போகும்போது இந்த ஒரு கவ்வலை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இங்கே நான் பயிற்சியாளரின் கையைப் பலமுறை நிறுத்தியிருக்கிறேன்.

பைக்கும் பின்னால் இருப்பவற்றுக்கும் இடையே ஒரு சாளரம் கிடைத்ததும் பையின் குறுக்கே ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைப் போடுங்கள். அறுக்கும் முன் நின்று, விந்துக் குழாய் எங்கே, இரத்தக் குழாய்கள் எங்கே என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டும் கவ்வலுக்கு வெளியே இருப்பதை உதவியாளரும் பார்க்க வேண்டும். சரி என்றால் அறுங்கள்.

பை கிழிந்துவிட்டால் பதறாதீர்கள். கிழிசலின் எல்லா ஓரங்களையும் மஸ்கிட்டோ எனப்படும் சின்னக் கவ்விகளால் சுற்றிப் பிடித்து, முழு வட்டமும் கையில் வந்ததா என்று சரிபாருங்கள். அவசரத்தில் முன் சுவரை மட்டும் கட்டிவிட்டுப் பின் சுவரை விட்டுவிடுவது குடலிறக்கம் திரும்ப வருவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

9. கழுத்தில் கட்டு

மேல் துண்டைத் தூக்கிப் பிடித்து, வயிற்று உறைக்கு முந்தைய மஞ்சள் கொழுப்பு தெரியும் வரை மேலே பிரித்துப் போங்கள். அந்தக் கொழுப்புதான் கழுத்துக்கு வந்துவிட்டோம் என்பதற்கான அடையாளம். அதற்குக் கீழே கட்டினால் மேலே ஒரு சிறு பை மிச்சமிருக்கும், அது மீண்டும் பெரிதாகும்.

பையைத் திறந்து உள்ளே ஒன்றும் இல்லை என்று பாருங்கள். பிறகு மெல்லத் திருகினால் உள்ளிருப்பது திரும்பி வராது. அதிகமாகத் திருகினால் விந்துக் குழாய் கட்டுக்குள் இழுபட்டு வரும், கவனம். 3-0 அல்லது 4-0 கரையும் நூலால் ஊசி குத்திக் கட்டுங்கள், அதன் மேல் இன்னொரு கட்டு. கட்டிய நூலை விட்டதும் பையின் அடிக்கட்டை உள் வளையத்துக்குள் சுருங்கி மறைய வேண்டும். வெளியிலேயே நின்றால் நீங்கள் போதிய உயரத்தில் கட்டவில்லை.

உள்பக்கச் சுவர் தடிப்பாக, கொழுப்பும் இரத்தக் குழாயுமாகத் தெரிந்தால் ஊசியை நிறுத்துங்கள். கைக்குழந்தையின் சிறுநீர்ப்பை அந்தப் பக்கமாக எட்டிப் பார்க்கும். பையின் சுவரிலேயே கருக்குழாய் ஒட்டி இறங்கியிருந்தால் அதைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம். அதற்குக் கீழே பையைச் சுருக்குத் தையல் போட்டு மூடி, முழுவதையும் உள்ளே திருப்பிவிட்டு, பெண் குழந்தை என்பதால் உள் வளையத்தையும் ஒரு தையலால் மூடிவிடலாம்.

கீழ்த் துண்டை உரித்து எடுக்க வேண்டியதில்லை. உரித்தால் இரத்தம் கட்டும், விரையின் இரத்த ஓட்டமும் பாதிக்கும். முன் சுவரை அகலமாகத் திறந்துவிட்டு, நீர் இருந்தால் வடித்துவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள்.

10. விரையைக் கீழே இழுத்த பின் மூடுங்கள்

இவ்வளவு நேரம் கற்றையை மேலே இழுத்து வேலை செய்திருக்கிறீர்கள். விரையும் மேலேறியிருக்கும். அப்படியே மூடினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு அதற்காக இரண்டாவது அறுவை செய்ய வேண்டிவரும். துணிக்கு மேலாக விரைப்பையைப் பிடித்து, விரையை அடிவரை இழுத்து, கற்றை முறுக்கின்றி இருப்பதைப் பாருங்கள். மூடிய பின் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். அறுவைக் குறிப்பில் 'இறுதியில் விரை விரைப்பையில் உள்ளது' என்று எழுதுவதைப் பழக்கமாக்கினால் இந்தப் படி மறக்காது.

தகட்டைத் திறந்திருந்தால் தையுங்கள், வெளி வளையத்தை இறுக்க வேண்டாம். ஸ்கார்பாவுக்கு ஓரிரு தையல், தோலுக்கு அடியில் 5-0 கரையும் நூல்.

11. சிக்கிய குடலோடு திறக்கும்போது

மயக்கம் ஏறியதும் குடல் தானாக உள்ளே நழுவலாம். அதனால் பையைத் திறக்கும் வரை யாரும் வீக்கத்தை அழுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பையைத் திறந்து குடலைக் கையில் பிடித்த பிறகே இறுக்கும் வளையத்தை விடுவியுங்கள். வரிசை மாறினால் எந்தத் துண்டு சிக்கியிருந்தது என்றே தெரியாமல் போகும். நழுவிவிட்டால் பையில் உள்ள நீரைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் ஆறுதல். இரத்தம் கலந்தோ நாற்றத்தோடோ இருந்தால் குடலைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும், பையின் வழியே கேமரா விட்டாவது, வயிற்றைத் திறந்தாவது.

கறுத்த குடலை வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியில் சுற்றிச் சில நிமிடம் வையுங்கள். நிறம் திரும்புகிறதா, பளபளப்பு வருகிறதா, சுருங்கி விரிகிறதா, குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் மடிப்பில் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். திரும்பாத பகுதியை வெட்டி இணைக்க வேண்டும். விரை நீலமாக இருந்தால் அவசரப்பட்டு அகற்றாதீர்கள். அழுத்தம் நீங்கினால் பல விரைகள் மீளும். முழுதாக அழுகியது உறுதியானால் மட்டும் எடுக்கலாம்.

12. மறுபக்கமும் கேமரா வழியும்

ஒரு பக்கம் செய்தவர்களில் சுமார் 100க்கு 7 பேருக்குப் பின்னாளில் மறுபக்கம் வரும். அதற்காக அறிகுறியே இல்லாத பக்கத்தைத் திறந்து பார்த்து 93 பேரின் விந்துக் குழாயை ஆபத்தில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெற்றோரிடம் சொல்லி வைத்தால் போதும்.

கேமரா வழி அறுவையில் மறுபக்கம் தெரிகிறது, திரும்ப வந்த குடலிறக்கத்தில் பழைய தழும்புக்குள் விந்துக் குழாயைத் தேட வேண்டியதில்லை, பெண் குழந்தைக்குச் சினைப்பையையும் பார்க்கலாம். இந்த மூன்று நிலையிலும் அதை விரும்புகிறேன். அங்கேயும் நூல் உள் வளையத்தை முழு வட்டமாகச் சுற்ற வேண்டும், விந்துக் குழாயும் இரத்தக் குழாய்களும் இருக்கும் இடத்தில் மட்டும் அவற்றுக்கு மேலாக, உறைக்கு அடியில் தாண்டிப் போக வேண்டும். இடைவெளி விட்டால் திரும்ப வரும். திறந்த முறையில் கை பழகாமல் இதற்குப் போகாதீர்கள், பாதியில் மாற்ற வேண்டிய நாள் ஒன்று வரும்.

13. வீட்டுக்கு அனுப்புவதும் திரும்பப் பார்ப்பதும்

நலமான குழந்தை அன்றே வீட்டுக்குப் போகலாம். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, முதல் இரண்டு நாள் நேரம் தவறாமல். வலித்தால் மட்டும் கொடுங்கள் என்று சொன்னால் இரவில் குழந்தை அழுது, வீடே பயந்துவிடும். பச்சிளங்குழந்தைக்கு அளவு குறைவு, மயக்க மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். கோடீன் 12 வயதுக்குக் கீழ் யாருக்கும் வேண்டாம்.

விரைப்பை சில நாள் வீங்கி, சற்று நீலம் பாய்ந்து இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் குடலிறக்கம் திரும்ப வந்துவிட்டது என்று நினைப்பார்கள். காய்ச்சல், வெட்டில் சீழ், பெரிதாகிக்கொண்டே போகும் வீக்கம், தொடர் வாந்தி என்றால் வரச் சொல்லுங்கள். ஓடியாடும் வயதுப் பிள்ளைகள் ஓரிரு வாரம் மிதிவண்டியும் முரட்டு விளையாட்டும் தவிர்த்தால் போதும்.

ஒரு வாரத்தில் வெட்டைப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை வரச் சொல்லுங்கள். பலரும் இந்த இரண்டாவது சந்திப்பை விட்டுவிடுகிறார்கள். விரை சுருங்குவதும் மேலேறுவதும் முதல் வாரத்தில் தெரியாது. இரண்டு விரைகளையும் ஒப்பிட்டு, அளவையும் இருக்கும் இடத்தையும் நோயாளிக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே கோப்பை மூடுங்கள்.